படகேறாத அகதிகள்

பந்தல்குடிப் பக்கத்து மானாவாரிக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் மில் வேலைக்குப் போகிறார்கள். மதுரை–தூத்துக்குடி சாலையில் அவர்கள் பஸ் ஏறும்போது எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. அதே கரிசல் பூமியில் குல்லூர்சந்தையிலும் மல்லாங்கிணற்றிலும் வளரும் சில பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். அங்கே இருப்பவை இலங்கைத் தமிழர் முகாம்கள்.

1983 கலவரத்துக்குப் பின்னும், 1990-ல் போர் மறுபடி மூண்டபோதும் மன்னார்க் கரையிலிருந்து படகேறி வந்தவர்களை மண்டபம் முகாமில் பதிந்து, மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். அன்று இடுப்பில் குழந்தையோடு வந்த பெண்கள் இன்று அம்மம்மாக்கள். இப்போது பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளைகள் கடலைக் கடந்ததே இல்லை. பிறந்ததும் படித்ததும் இங்கேதான். வீட்டுக்குள் வவுனியாத் தமிழ், வகுப்பறையில் விருதுநகர்த் தமிழ் என்று இரண்டையும் தடுமாறாமல் பேசுகிறார்கள். ஆனாலும் காகிதத்தில் அவர்கள் அகதிகள்.

அவர்களில் பலரின் குடும்பக் கதை இன்னும் பின்னால் போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்துக்குத் தப்பி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் கணிசமானோர் இந்த ராமநாதபுரம் சீமைக்காரர்கள். பிறகு கூலிகளைச் சோதித்துக் கப்பலேற்றும் இடமாக மண்டபம் முகாம் ஆனது. 1977, 1983 கலவரங்களில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டவர்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். போர் அங்கேயும் வந்தபோது படகேறினார்கள். பாட்டன் கூலியாகப் புறப்பட்ட கரையில் பேரன் அகதியாக இறங்கினான். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சட்டம் தேதி பார்க்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் இந்தியர். அதற்குப் பின் பிறந்தால் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு, மற்றவரும் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய் 2022-ல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு பெற்றார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். சில வருஷம் பின்னால் பிறந்த முகாம் பிள்ளைக்கு அந்த வாசல் திறக்காது.

முகாமில் ‘செக்கிங்’ நாளில் குடும்பமே அதிகாரி முன் நிற்க வேண்டும். வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கல்லூரி வரை எப்படியோ படித்து முடிக்கிறார்கள். 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அதற்கு நிறையப் பாடுபட்டிருக்கிறது. இடி விழுவது அதற்கு அப்புறம்தான். ஆன்லைன் விண்ணப்பத்தில் பெயர், மதிப்பெண், முகவரி எல்லாம் சரியாக நிரப்பிவிட்டு, குடியுரிமைக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. ‘இந்தியர்’ என்று போட்டால் பொய். ‘இலங்கை’ என்று போட்டாலும் அந்த நாட்டை அவர் கண்ணால் பார்த்ததில்லை, பாஸ்போர்ட்டும் கையில் இல்லை. அரசு வேலை கிடையாது. வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய கம்பெனி எடுக்கத் தயங்கும். இன்ஜினீயரிங் முடித்த பையன் அப்பாவோடு பெயிண்ட் அடிக்கப் போகிறான். இடம்பெயர்ந்தவர் என்று பெயர் வைத்துவிட்டு, இடம்பெயர்வதற்கான வழியை மட்டும் அவனிடமிருந்து எடுத்துவிட்டோம்.

2021-ல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. உதவித்தொகையை உயர்த்தி, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தரவும் அறிவித்தது. பத்தடிக்குப் பத்தடி அறையில் வயசுப் பிள்ளைகளோடு புழுங்கிய குடும்பங்களுக்கு அது பெரிய காரியம். 2025-ல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. குடியுரிமை மட்டும் தொடப்படவில்லை. 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு வழிவிட்டது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

பிறந்த தேதியை எல்லையாக்கியது நாடாளுமன்றம். 1986-லும் 2003-லும் 2019-லும் திருத்திய சட்டத்தை இன்னொரு முறை திருத்த அதற்கு முடியும். முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு முதலில் அதைச் செய்ய வேண்டும். பெற்றோரின் குடியுரிமை விண்ணப்பங்கள் முடிவாகும்வரை பிள்ளைகளைக் காக்க வைப்பதில் எந்த நியாயமும் இல்லை.