உங்களுக்குத் தெரியுமா? தூங்குமூஞ்சியின் அசுர வளர்ச்சி!

பேர்தான் தூங்குமூஞ்சி மரம். வளர்வதில் இதை மிஞ்ச ஆள் தேட வேண்டும்! கன்று வேர் பிடித்துவிட்டால் வருஷத்துக்கு ஒன்றரை மீட்டர் வரை விறுவிறுவென ஏறும்!

விதையை அப்படியே மண்ணில் போட்டால் பெரும்பாலும் பாதிகூட முளைக்காது. தோல் அவ்வளவு கெட்டி! 80 டிகிரி வெந்நீரில் ஒரே ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் ஊற வையுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு முளைத்து நிற்கும்!

விதை கிடைக்கவில்லையா? கவலையே வேண்டாம். போத்து வெட்டி நட்டாலும் துளிர்க்கும்!

உரத்துக்குக் காற்றையே பிடிக்கிற மரம் இது! வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை இழுத்துக் கொடுத்துவிடும்!

சாயங்காலமானால் இலையை மூடும். மேகம் கறுத்தாலும் மூடும்! பெய்கிற மழை இலையில் தங்காமல் நேரே தரைக்கு இறங்கும். இத்தனை நிழலிலும் மரத்தடிப் புல் பச்சைப் பசேல்!

கறுத்த காயை உடைத்துப் பாருங்கள். உள்ளே பிசுபிசுவென இனிக்கும் சதை! ஆடு மாடுகள் தேடி வந்து தின்னும். அவை போடும் சாணத்திலிருந்தே அடுத்த கன்று எட்டிப் பார்க்கும்!

வீட்டை ஒட்டி மட்டும் நட்டுவிடாதீர்கள்! வேர் மேலாக ஓடித் தளத்தையே தூக்கிவிடும். பெருங்காற்றில் கிளை முறியும். கன்றிலேயே கீழ்க்கிளைகளைக் கழித்துவிடுங்கள். தாராளமாக இடம் விடுங்கள். ஒற்றை மரத்தின் குடை 30 மீட்டர் அகலம் விரியும்!

அதுவே பெரிசு என்கிறீர்களா? 1800இல் வெனிசுவேலாவில் ஒரு தூங்குமூஞ்சியைப் பார்த்து அசந்துபோனார் ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட். அதன் குடையைச் சுற்றி வர அவர் குறித்த அளவு 576 அடி!

ஹவாய்த் தீவுகளுக்கு இந்த மரம் வந்த கதை இன்னும் ஜோர். 1847இல் மெக்சிகோவிலிருந்து வந்து சேர்ந்தவை இரண்டே இரண்டு விதைகள் என்கிறார்கள்!

அதே ஹவாயில், ஹொனலுலுவின் மோவானலுவா தோட்டத்தில் நிற்கும் மரம்தான் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனத்துக்கு 1973 முதல் விளம்பர நாயகன்! 2006இல் போட்ட பத்தாண்டு ஒப்பந்தத்தில் அந்த ஒற்றை மரத்துக்குப் பேசிய தொகை எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு 4 லட்சம் டாலர்!