காலமும் நியதியும்

நாளை நிகழவிருப்பது இன்றே முடிந்த முடிபாய் உள்ளதா? அன்றி, இனித்தான் முடிவாக வேண்டியதா? இவ்வினாவை ஆராயப் புகுவார் முதற்கண் இரண்டினை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒரு நிகழ்ச்சியை முன்கூட்டி அறிய முடிதல் ஒன்று. அந்நிகழ்ச்சி முன்னரே நிச்சயிக்கப்பட்டிருத்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே மயக்கங்கள் பல தோன்றுகின்றன.

1955ஆம் ஆண்டு யூன் மாதம் 20ஆம் நாட் பூரண சூரிய கிரகணத்தின்போது சந்திரனின் நிழல் இலங்கையைக் கடந்து சென்றது. அந்நிழல் எவ்விடத்தில், எந்நேரத்திற் படியும் என்பதை வானநூலார் பல ஆண்டுகளுக்கு முன்னரே கணித்திருந்தனர். ஆயின், அவ்வேளையில் முகில் வந்து சூரியனை மறைக்குமா என்பதை அங்ஙனம் கணித்தல் எவர்க்கும் இயலாததாயிற்று. சந்திரனும் முகிலும் இயக்க விதிகளுக்கு ஒருங்கே கட்டுப்பட்டவையே. அவ்வாறாக, இவ்வேறுபாடு எதனால் விளைந்தது?

உலகிலுள்ள பொருள்கள் யாவற்றின் நிலையையும், அவற்றை இயக்கும் விசைகளையும் ஒரு கணத்தில் முற்றாய் அறியும் அறிவு ஒன்று உளதாயின், அதற்கு இறந்தகாலம் போலவே எதிர்காலமும் வெளிப்படையாகும் என 1814இல் இலாப்பிளாசு என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் கூறினார். மனிதர்க்கு அத்தகைய முற்றறிவு இல்லை. தொடக்க நிலையில் உள்ள மிக நுண்ணிய வேறுபாடும் வானிலையில் விரைவிற் பெருகிவிடும் என்பதை 1963இல் எட்வேட் லொறன்சு சமன்பாடுகளால் விளக்கினார். அச்சமன்பாடுகளில் தற்செயலுக்கு இடமே இல்லை. எனினும் நெடுநாளைய முன்னறிவுக்கும் இடமில்லை. எனவே, நியதி உள்ளவிடத்தும் முன்னறிவு இல்லாதிருத்தல் கூடும்.

அணுவுலகிலோ நியதியே ஐயத்திற்குரியதாகின்றது. ஓரளவு இரேடியத்தில் ஏறத்தாழ 1600 ஆண்டுகளிற் பாதி சிதைந்துவிடும். ஆயின், குறித்த ஓரணு இன்று சிதையுமா, ஆயிரம் ஆண்டு கழித்துச் சிதையுமா என்பதைச் சொல்ல வழியில்லை. இது அறியாமையால் வந்த குறையன்று, இயற்கையின் இயல்பே என்பர் பௌதிக அறிஞர் பலர். மறைந்துள்ள காரணம் உண்டென வாதிப்பாரும் உளர்.

காலத்தின் இயல்பையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். ஒன்றுக்கொன்று சார்பாய் இயங்கும் இருவர்க்குத் தொலைவிலுள்ள நிகழ்ச்சிகளின் 'இப்பொழுது' ஒன்றாக அமையாது என ஐன்ஸ்ரைன் 1905இல் நிறுவினார். இதுகொண்டு முக்கால நிகழ்ச்சிகளும் ஒருங்கே உள்ளனவே என்று கூறுவாரும் உளர். எனினும், காரணம் காரியத்திற்கு முற்பட்டது என்னும் ஒழுங்கு எவர் நோக்கிலும் மாறுவதில்லை.

இவ்வொழுங்கே பழைய ஐயமொன்றைத் தீர்க்கின்றது. நோய் தீரும் என்பது விதியாயின், மருத்துவரை அழைத்தாலும் அழையாவிடினும் அது தீரும். ஆதலின் அழைத்தல் வீண் என்று கிரேக்க நாட்டிற் சிலர் வாதித்தனர். கி. மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிசிப்பசு என்னும் தத்துவஞானி அதற்கு விடை கூறினார். நோய் தீர்தல் விதிக்கப்பட்டதாயின், மருத்துவரை அழைத்தலும் அதனோடு சேர்த்தே விதிக்கப்பட்டதாகலாம் என்பது அவர் விடை.

எனவே, எதிர்காலம் நிச்சயிக்கப்பட்டதாயினும் முயற்சி அதற்குப் புறம்பானதன்று. அதனை ஆக்கும் காரணங்களுள் ஒன்றாகும். நிச்சயிக்கப்படாததாயின், முயற்சியின் இன்றியமையாமையைக் கூறவும் வேண்டுமோ? காலம் பற்றிய விவாதம் எவ்வாறு முடியினும், வாளாவிருத்தற்கு அது நியாயமாகாது.