கோழி தூங்கினால் நாம் விழிக்க வேண்டும்

"ஏன்டா சீக்குக் கோழி மாதிரி தூங்கி வழியுறே?" என்று பிள்ளைகளைத் திட்டுவோம். கோழி வளர்த்த தலைமுறை கண்ணால் பார்த்துச் சொன்ன சொல் அது. மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம் நான் அதை மறந்துபோனேன்.

காலையில் கூட்டைத் திறந்ததும் எல்லாக் கோழியும் தீனிக்கு ஓடிவந்தன. முந்தின வாரம் சந்தையில் வாங்கிவந்த பெட்டை மட்டும் இறக்கை தொங்க, கண்ணை மூடிக்கொண்டு மூலையில் நின்றது. 'வெயில் ஏறினா சரியாயிரும்'னு விட்டுட்டு களை எடுக்கப் போயிட்டேன். சாயந்தரம் அது செத்துக் கிடந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் 26 கோழிகளில் 4 தான் மிஞ்சின. வந்தது வெள்ளைக் கழிச்சல். உத்தராகண்டில் உள்ள ராணிகேத் ஊரின் பெயரால் ராணிக்கெட் நோய் என்பார்களே, அதேதான்.

நோயை மறைக்கும் பிராணி

கோழி முடிந்தவரை தன் சுகவீனத்தைக் காட்டாது. சோர்ந்து நின்றால் பருந்தும் கீரியும் குறிவைக்கும், கூட்டத்துக் கோழிகளே கொத்தும். ஆகவே நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் ஏற்கெனவே முற்றியிருக்கும். தினமும் கூட்டைத் திறக்கும்போது ஐந்து நிமிசம் நின்று பாருங்கள்.

தீனிக்கு ஓடிவராத கோழி எது? கொண்டை வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கிறதா? காலையில் தீனிக்கு முன் இரைப்பையைத் தொட்டால் காலியாக இருக்க வேண்டும். கெட்டியாகவோ தளும்பியோ இருந்தால் கோளாறு. எச்சத்தின் மேல் கொஞ்சம் வெள்ளை இருப்பது இயல்புதான். வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீர் போலக் கழிந்தால்தான் ஆபத்து. ராத்திரி கூட்டருகே நின்றால் மூச்சில் 'கொர்கொர்' சத்தம் கேட்கிறதா என்று தெரிந்துவிடும்.

எல்லாமே கழிச்சல் அல்ல

ஒரு கோழி மட்டும் வாலைத் தாழ்த்தி முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு நனையும்படி கால் மணி நேரம் வைத்து, பின்துவாரத்தில் எண்ணெய் தடவி, இருட்டான இடத்தில் விடுங்கள். வயிற்றை அமுக்காதீர்கள், முட்டை உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

சித்திரை வெயிலில் வாயைத் திறந்து, இறக்கையை விரித்து இரைத்தால் அது வெக்கை. நிழலுக்குக் கொண்டுபோய், காலைத் தண்ணீரில் நனைத்து, குடிக்கத் தண்ணீர் வையுங்கள்.

குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் ரத்தக் கழிச்சல். ஈரமான கூட்டில்தான் இது பெருகும். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

நன்றாக மேய்ந்த கோழிகள் ஒரே நேரத்தில் நாலைந்து சுருண்டு விழுந்தால் விஷமாக இருக்கலாம். பக்கத்து வயலில் மருந்து அடித்தார்களா, விதைநேர்த்தி செய்த விதை சிந்திக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

கழுத்து திருகுதல், கால் இழுத்தல், வாய் பிளந்து மூச்சுவிடுதல், பச்சை-வெள்ளைக் கழிச்சல் எல்லாம் சேர்ந்து பல கோழிகளுக்கு வந்தால் வெள்ளைக் கழிச்சலைச் சந்தேகியுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

என்ன நோய் என்று யோசிப்பதற்கு முன் அந்தக் கோழியைத் தனியே பிரித்து வையுங்கள். அதன் தட்டு, தண்ணீர்ச் சட்டி தனி. நல்ல கோழிகளைக் கவனித்த பிறகே அதனிடம் போங்கள். வந்ததும் கைகால் கழுவுங்கள். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். மொத்தமாகச் செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம் என்பதால் மறைக்கவே கூடாது. செத்ததை வாய்க்காலில் வீசாமல், ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். 'சாகுறதுக்குள்ள வித்துடுவோம்'னு சந்தைக்குக் கொண்டுபோவது இன்னொரு உழவர் வீட்டுக் கூட்டுக்குள் நோயை அனுப்புவது. எனக்கு வந்ததும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

தடுப்பூசியும் இயற்கை வழியும்

நான் தடுப்பூசி போடாமல் இருந்ததற்குச் சொன்ன காரணம், 'நாம இயற்கை விவசாயி, ஊசி எதுக்கு?' என்பது. அது என் தவறு. வெள்ளைக் கழிச்சல் வைரஸ் நோய். வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. கீழாநெல்லி, மஞ்சள், சீரகம், மிளகு, பூண்டு அரைத்துக் கொடுக்கிறோம். தெம்புக்கு உதவலாம்; ஆனால் தடுப்பூசி செய்கிற வேலையை அது செய்யாது. தடுப்பூசி கோழியின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத்தான் தயார்படுத்துகிறது. முட்டையிலோ இறைச்சியிலோ நஞ்சு சேர்வதில்லை.

குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு நீக்கம் செய்யுங்கள். மருந்தைக் குளிர்ச்சி குறையாமல் கொண்டுவந்து காலை வேளையில் போட வேண்டும். நோய் கண்ட கோழிக்குப் போடக்கூடாது. கால்நடைத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் இலவச முகாம் நடத்துகிறது. ஊருக்கு எப்போது வருகிறார்கள் என்று முன்னதாகவே விசாரித்து வையுங்கள்.

சந்தையில் வாங்கும் கோழியை இப்போது இரண்டு வாரம் தோட்டத்தின் மறுகோடியில் தனியே கட்டிவைக்கிறேன். மிஞ்சிய நாலு கோழியின் வாரிசுகள்தான் இன்று எங்கள் கூட்டில் இருக்கின்றன. விடிந்ததும் கூட்டைத் திறந்துவிட்டு, கடைசிக் கோழி தீனிக்கு வரும்வரை நின்று பார்க்கிறேன். களை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.