பாலும் மீனும் பகையா?

மீன் குழம்பு சாப்பிட்ட அன்று இரவு பிள்ளை பால் கேட்டால் போதும். "ஐயையோ! மீன் தின்ற வயிற்றில் பாலா? உடம்பெல்லாம் வெள்ளை விழுந்துவிடும்!" என்று டம்ளரைப் பிடுங்கிக்கொள்ளும் பாட்டிகள் பல வீடுகளில் உண்டு.

இது வெறும் பாட்டி கதை என்று தள்ளிவிட முடியாது. ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் ஒன்றான சரக சம்ஹிதையிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது!

நூல் சொல்வது என்ன?

அந்த நூலின் சூத்திர ஸ்தானம் என்ற முதல் பகுதியில், 26-வது அத்தியாயத்தில், 'விருத்த ஆகாரம்' பற்றிய பேச்சு வருகிறது. ஒன்றுக்கொன்று பகையான உணவு என்று பொருள். பால் குளிர்ச்சி, மீன் சூடு. இரண்டும் சேர்ந்தால் ரத்தம் கெடும் என்கிறது நூல். தேனும் நெய்யும் சம அளவில் சேரக் கூடாது. தேனைச் சுட வைக்கக் கூடாது. பகை உணவால் வரும் நோய்களின் வரிசையில் தோல் வெளுக்கும் நோயும் இருக்கிறது.

இப்படிப் பகையை 18 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். எதனோடு எதைச் சேர்ப்பது என்பது அதில் ஒன்றுதான். பனிக்காலத்தில் குளிர்ந்த உணவு உண்பது பகை. பசிக்காமல் உண்பது பகை. மனதுக்குப் பிடிக்காததை உண்பதும் பகை!

வயிற்று நெருப்பு

இதற்கெல்லாம் அடிப்படை 'அக்கினி'. அதாவது, ஜீரண சக்தி. அடுப்பு நன்றாக எரிந்தால் எந்த விறகும் எரியும். அடுப்பு மந்தமானால் சுள்ளியும் புகையும். வயிறும் அப்படித்தான் என்பது ஆயுர்வேதத்தின் கணக்கு.

ஆகவே அதே அத்தியாயம் விலக்கும் தருகிறது. நல்ல பசி உள்ளவர், இளவயதினர், உடலுழைப்பு உள்ளவர், அந்த உணவுக்குப் பழகியவர், கொஞ்சமாக உண்பவர் ஆகியோருக்குப் பகை உணவும் தீங்கு செய்யாதாம். பாட்டிமார் விலக்கை மறந்தார்கள்; தடையை மட்டும் நினைவில் வைத்தார்கள்!

வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் அளவு சொல்கிறது. வயிற்றில் இரண்டு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு காலியிடம். முன்பு உண்டது செரித்த பிறகே உண்ண வேண்டும் என்று வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார்.

விஞ்ஞானம் சொல்வது

பால், மீன் இரண்டிலும் புரதம் உண்டு. இரண்டையும் ஒரே ஜீரண நீர்கள்தான் செரிக்கச் செய்கின்றன. ஸ்காட்லாந்தில் புகையிட்ட மீனைப் பாலில் வேக வைத்தே சூப் செய்கிறார்கள். வங்காளத்தில் தயிரில் சமைத்த மீன் விருந்து உணவு.

வெண்புள்ளி வருவதற்குக் காரணம் வேறு. நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவல் சக்தியே, தோலுக்கு நிறம் தரும் அணுக்களை அழித்துவிடுகிறது. மீனும் பாலும் சேர்ந்து அதை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அது தொற்றுநோயும் அல்ல. முன்பு 'வெண்குஷ்டம்' என்றார்களே, அந்தக் குஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இதைத் தெரிந்துகொள்ளாததால் எத்தனை துன்பம்! பெண்ணின் கையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால், "கண்டதைத் தின்றாள்" என்று அவளைப் பழிக்கிறார்கள். "கண்டதைக் கொடுத்தாள்" என்று தாயைப் பழிக்கிறார்கள். வந்த வரன் திரும்பிப் போகிறது. பத்தியம் பார்ப்பதிலேயே மாதங்கள் ஓடுகின்றன, வைத்தியம் தாமதமாகிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

உணவுச் சேர்க்கையே பொய் என்று எண்ண வேண்டாம். கவனிக்க வேண்டிய சேர்க்கைகள் இருக்கின்றன.

சோறும் பருப்பும் நல்ல ஜோடி. அரிசிப் புரதத்தில் உள்ள குறையைப் பருப்பு நிரப்பும். பருப்பின் குறையை அரிசி நிரப்பும்.

கீரையோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேரட்டும். கீரையின் இரும்புச் சத்து உடலில் நன்றாகச் சேரும்.

சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம். அவை இரும்புச் சத்தைச் சேர விடாமல் தடுக்கும். ரத்த சோகை உள்ள பெண்கள் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது.

பால் குடித்தாலே சிலருக்கு வயிறு உப்பும். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி அவர்களுக்குக் குறைவு. மீன் மேல் பழி போட வேண்டியதில்லை.

ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. சேனை வைப்பதற்குக்கூட வேண்டாம். தேனில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமி, குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும், உயிருக்கே ஆபத்து!

மீன் குழம்பு உண்ட பிள்ளை பால் கேட்டால், வயிறு ஏற்கும் அளவுக்குக் கொடுக்கலாம். தோலில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், என்ன தின்றாய் என்று விசாரித்துக்கொண்டிராமல், உடனே தோல் டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.