ஒப்பந்தத்துக்கு விலை சொல்பவர் யார்?

அண்மைக் காலமாக எமது இளம் வியாபாரிகள் சிலர் என்னிடம் 'ஸ்மார்ட் கொன்ட்ராக்ட்' பற்றி விசாரிக்கிறார்கள். பெயர்தான் பெரிது. 'இன்னது நடந்தால் இன்னாருக்கு இவ்வளவு பணம்' என்ற நிபந்தனையைக் கணினி நிரலாக எழுதி, எதீரியம் போன்ற பிளொக்செயின் ஒன்றில் இட்டுவிடுகிறார்கள். நிபந்தனை நிறைவேறியதும் பணம் தானாகவே கைமாறும். காசோலை திரும்பி வரும் தலைவலி இல்லை, 'நாளைக்கு வாங்க' என்ற பதிலும் இல்லை.

ஆனால் இந்த ஒப்பந்தத்துக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. இன்று டொலர் என்ன விலை, அநுராதபுரத்தில் மழை பெய்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வெளியிலிருந்து யாராவது சொல்ல வேண்டும். அப்படித் தகவல் கொண்டுவரும் ஏற்பாட்டைத்தான் 'ஒராக்கிள்' என்கிறார்கள். சொல்பவர் பொய் சொன்னாலும், தவறிச் சொன்னாலும் ஒப்பந்தம் அதை நம்பிக் காரியத்தை முடித்துவிடும்.

2020 நவம்பர் 26ஆம் திகதி நடந்ததைப் பாருங்கள். கொம்பவுண்ட் என்பது டிஜிட்டல் நாணயங்களை அடகு வைத்துக் கடன் பெறும் ஒரு தளம். பலர் அங்கு 'டாய்' என்ற நாணயத்தில் கடன் பெற்றிருந்தனர். வழமையாக ஒரு டொலரை ஒட்டியே நிற்கும் டாய், அன்று கொயின்பேஸ் சந்தையில் சற்று நேரம் 1.30 டொலர் வரை ஏறியது. கொம்பவுண்ட் பிரதானமாக நம்பியிருந்தது அந்தச் சந்தையின் விலையைத்தான். கடன் பெருத்துவிட்டது, அடகு போதாது என்று கணக்கிட்டு, 8 கோடி டொலருக்கும் அதிகமான பெறுமதிக்குக் கடன்கள் பலவந்தமாகத் தீர்க்கப்பட்டு அடகுகள் பறிபோயின. விலை விரைவிலேயே இறங்கிவிட்டது. அடகு வைத்தவரின் பொருளோ போனது போனதுதான்.

புறக்கோட்டையில் பருப்பு மூடை வாங்கப் போகும் எவரும் ஒரே கடையில் விலை கேட்டுவிட்டுக் காசை எண்ணுவதில்லை. 2019இல் எதீரியத்தில் இயங்கத் தொடங்கிய செயின்லிங்க் என்ற வலையமைப்பும் இதையே செய்கிறது. ஒருவரையொருவர் சாராத பலர் தனித்தனியே விலையைத் திரட்டி அனுப்புகிறார்கள். அவற்றுள் நடுவில் நிற்கும் விலையே ஒப்பந்தத்துக்குப் போகிறது. ஏழு பேர் 298, 300, 300, 301, 302, 303, 3000 என்று சொன்னால் சராசரி 686 ஆகிவிடும். நடு விலையோ 301தான். ஒருவர் எவ்வளவு பெரிய பொய் சொன்னாலும் பலிக்காது. விலை சொல்வோருக்குக் கூலியும் உண்டு.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 2022 மே மாதம் லூனா நாணயம் சரிந்தபோது, செயின்லிங்க் விலை அதற்கு வகுக்கப்பட்டிருந்த கீழெல்லையான சுமார் 10 சதத்தில் நின்றுவிட்டது. சந்தையிலோ ஒரு சதம்! இந்த இடைவெளியில் சிலர் லூனாவை மலிவாக வாங்கி அடகு வைக்க, வீனஸ் என்ற கடன் தளத்துக்கு ஏறத்தாழ 11 மில்லியன் டொலர் நட்டம்.

எமது நாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2019இல் எயோன், ஒக்ஸ்பாம், ஈதெரிஸ்க் ஆகியன சணச காப்புறுதி நிறுவனத்துடன் சேர்ந்து, சுமார் 200 நெல் விவசாயிகளுக்கு பிளொக்செயின் வழியான காலநிலைக் காப்புறுதியை அறிமுகப்படுத்தின. வானிலைத் தரவு நிபந்தனையைத் தொட்டால் போதும், விவசாயி கோரிக்கைப் பத்திரம் நிரப்பத் தேவையில்லை என்பதே அதன் அடிப்படை.

இதில் எமக்கென்ன என்று கேட்கலாம். உரத்தையும் எண்ணெயையும் கடன் கொப்பியில் எழுதிக் கொடுத்துவிட்டு அறுவடை வரை காத்திருக்கும் கடைக்காரர் எம்மில் எத்தனை பேர்! அந்தப் பணம் நேரத்துக்கு வந்தால் அவருடைய கடனும் நேரத்துக்கு வரும். ஆனால் பத்து மைலுக்கு அப்பாலுள்ள மழைமானி நனைந்து, வயல் காய்ந்து கிடந்தால்? பத்துப் பேர் சொன்னாலும் பத்துப் பேரும் பார்த்தது அந்த ஒரே மழைமானியைத்தான் என்றால், அது ஒருவர் சொன்னதற்குச் சமம். ஒரே இறக்குமதியாளரிடம் வாங்கும் ஏழு கடைகளில் விலை விசாரித்தவருக்கு இது புரியும்.