விளக்குமாடத்தின் வயது

மாணவர்களே, உங்கள் ஊரில் யாராவது பழைய வீட்டைப் பிரித்துக் கட்டுகிறார்கள் என்றால் ஒரு நாள் போய் நின்று பாருங்கள். கொத்தனார் ஒரு கூடை குப்பையைக் கொட்டுவார். அந்தக் குப்பையில் ஓட்டுத் துண்டு இருக்கும், காரைக் கட்டி இருக்கும், துருப்பிடித்த ஆணி இருக்கும். எல்லாம் வண்டியேறிப் போய்விடும். வீட்டின் வயதைச் சொல்லக்கூடிய சாட்சிகள் அத்தனையும் அந்த வண்டியில்தான் போகின்றன என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

எங்கள் பூர்வீக வீடு தியாகதுருகத்தில் இருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் போகும் சாலையில், கள்ளக்குறிச்சிக்கு முன்னால் வரும் ஊர். பாறைக் குன்றும் அதன்மேல் கோட்டையும் உள்ள ஊர். 1760-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி இந்தக் கோட்டையை மைசூர்ப் படைக்கு விட்டுக் கொடுத்தார். 1761-ல் பாண்டிச்சேரி வீழ்ந்த கையோடு இது ஆங்கிலேயர் வசமாயிற்று. இப்படிப்பட்ட ஊரில் பழைய வீடு வைத்திருப்பவர் எல்லோரும் தம் வீட்டை 'ஐதர் காலத்து வீடு' என்று சொல்லிக்கொள்வது வழக்கம். என் பெரியப்பா அவ்வளவு தூரம் போகமாட்டார். அவர் சொல்லும் கதை வேறு.

"தாது வருஷப் பஞ்சத்துல கட்டின வீடுடா இது. ஊரே பட்டினி கிடந்தப்போ கூலிக்குப் பதிலா கஞ்சி ஊத்திக் கட்டினாங்க. எத்தனை குடும்பம் அதனால பிழைச்சுது தெரியுமா?" என்பார். அதற்கு ஆதாரமாக முன்வாசல் நிலையின் மேற்கட்டையைக் காட்டுவார். அதில் 'தாது ௵ தை ௴' என்று செதுக்கியிருக்கிறது. ௵ என்பது வருஷத்தையும் ௴ என்பது மாதத்தையும் குறிக்கும் பழைய தமிழ்க் குறிகள். சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது 1876 முதல் 1878 வரை. அது தொடங்கிய தமிழ் ஆண்டு தாது. ஆகவே நிலை வைத்தது 1877 தை மாதம். கணக்குச் சரிதானே?

சரியில்லை. தமிழ் ஆண்டுகள் அறுபது; அறுபதும் முடிந்தால் மீண்டும் பிரபவ. ஆகவே தாது என்பது 1876–77 ஆகவும் இருக்கலாம், 1936–37 ஆகவும் இருக்கலாம். பன்னிரண்டு மணி காட்டும் கடிகாரத்தைப் பார்த்தால் அது பகலா இரவா என்று தெரியாதல்லவா, அதே சிக்கல்தான். இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. 84 வயதுக்காரரின் கதையை ஒரு கணக்கால் குலைக்கிறோமே என்று எனக்கும் சங்கடம்தான். ஆனால் வீடு பழுதாகிவிட்டது. கூரையைப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரிக்கிறபோது பார்த்துக்கொண்டே போவோம் என்று முடிவு செய்தேன்.

முதலில் இறங்கியவை ஓடுகள். மங்களூர் ஓட்டின் அடிப்பக்கம் எழுத்துப் பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில ஓடுகளில் பேசல் மிஷன் என்ற பெயரும் 1865 என்ற எண்ணும் இருந்தன. பெரியப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி. "பார்த்தியா, 1865!" என்றார். ஆனால் இது பலரும் விழுகிற குழி. 1865 என்பது மங்களூரில் அந்த மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. பிற்காலத்தில் செய்த ஓட்டிலும் அதே எண்ணைத்தான் பதித்தார்கள். மேலும், ஓடு உடைந்தால் மாற்றுகிறோம். வேறு வீட்டிலிருந்தும் வாங்கிப் போடுகிறோம். கூரையின் ஓட்டை வைத்துச் சுவரின் வயதைச் சொல்வது, சட்டையை வைத்து ஆளின் வயதைச் சொல்வது போலத்தான்.

அடுத்து கூடத்து உத்தரம். மரம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். பலகை அடித்து வர்ணம் பூசியிருந்தார்கள். பலகையைப் பெயர்த்தால் உள்ளே இரும்பு. துருவைச் சுரண்டியதும் 'டாட்டா' என்ற ஆங்கில எழுத்துகள் புடைப்பாகத் தெரிந்தன. ஜாம்ஷெட்பூர் ஆலையில் முதல் எஃகு உருகி வந்தது 1912-ல். ஆகவே இந்த உத்தரம் அதற்கு முந்தியது அன்று. ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பழைய சுவரில் பிற்பாடு செருகிய உத்தரமாக இருந்தால்? அப்படியிருந்தால் சுவரில் வெட்டிய தழும்பும், அதை அடைத்த வேறு நிறக் காரையும் தெரியும். இங்கே உத்தரத்தின் முனை சுவரோடு சேர்த்தே கட்டப்பட்டிருந்தது. சுற்றிலும் ஒரே காரை. எனவே முன்கட்டுச் சுவரே 1912-க்குப் பிந்தியது.

நிலையைக் கழற்றிய அன்று எல்லோரும் கூடியிருந்தோம். நிலை வைக்கும்போது அடியில் நவதானியமும் காசும் போடுவது நம் வழக்கம். அடியில் ஒரு காலணாக் காசு இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் தலை, ஆண்டு 1936. அந்த மன்னர் 1936 ஜனவரியிலேயே இறந்துவிட்டார் என்றாலும், அந்த ஆண்டுக் காசில் அவர் தலைதான் இருக்கிறது. 1936-ல் அடித்த காசை 1877-ல் புதைக்க முடியாது. ஆகவே நிலையில் உள்ள தாது வருஷத் தை மாதம், 1937 ஜனவரி–பிப்ரவரிதான். காசு ஒரு எல்லையை மட்டுமே சொல்லும் என்பதைக் கவனியுங்கள்: 'இதற்கு முன் இல்லை' என்று சொல்லும், 'இந்த ஆண்டில்தான்' என்று சொல்லாது. ஆண்டைச் சொன்னது காசும் செதுக்கலும் சேர்ந்துதான். (தங்கக் காசுப் பானை கிடைத்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.)

பெரியப்பா அன்று சாப்பிடாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. பின்கட்டுக்குப் போனேன். தானியம் கொட்டிவைக்கும் அறை அது. அதன் செங்கல் முன்கட்டுச் செங்கல்லைவிடத் தட்டையாகவும் அகலமாகவும் இருந்தது. கட்டியிருந்தது மண் சாந்தால். வேறு காலத்துச் சுவர் என்று பார்த்தவுடன் தெரிகிறது. ஆனால் எந்தக் காலம்? மேலே பூசியிருந்த சுண்ணாம்புக் காரையைத் தொண்ணூறுகளில் ஒரு முறை செதுக்கித் தள்ளிவிட்டு சிமென்ட் பூசிவிட்டார்கள். அதில் கெட்டது இரண்டு. சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் அதிகம். தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் அதன் வழியாக ஆவியாகிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி, அதில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையும் செங்கல்லின் முகத்தையும் சேர்த்துத் தள்ளுகிறது. உப்புப் பூத்து உதிரும் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். சென்னைச் சேப்பாக்கத்தில் 1768-ல் கட்டிய கலச மகால் 2012-ல் தீக்கிரையானபோது, பொதுப்பணித் துறையினர் அதைக் கடுக்காயும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புக் காரையாலேயே புதுப்பித்தார்கள். வெறும் பழமைப் பற்றால் செய்த காரியமன்று அது. கெட்டது இரண்டாவது, எனக்கு வேண்டிய சாட்சி போய்விட்டது.

முழுவதும் போகவில்லை. சுவரில் இருந்த விளக்குமாடத்தை மட்டும் கொத்தனார் தொடாமல் விட்டிருந்தார். அந்தப் பிறைக்குள் கரண்டி போகவில்லை போலும்!

சுண்ணாம்பு பற்றி இங்கே சிறிது சொல்லவேண்டும். சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி நீற்றாத சுண்ணாம்பு மிஞ்சும். நீரூற்றினால் கொதித்து நீறும். அதைச் சுவரில் அடித்தபின், காற்றில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. ஆக, வெள்ளையடிப்பது என்றால் சுவரின்மேல் ஒரு மெல்லிய கல்படலத்தைப் படியவைப்பது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தால் ஆண்டுக்கு ஒரு படலம். விளக்குமாடத்தில் இன்னொரு வசதி: ஆண்டு முழுவதும் எரிந்த அகல்விளக்கின் கரி ஒரு கருங்கோடாகப் படியும். அடுத்த பொங்கலுக்கு அதன்மேல் வெள்ளை. வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. மரத்தின் வளையங்கள் போலவேதான்.

ஆனால் ஒரு படலத்தின் தடிப்பு 0.1 மில்லிமீட்டர் அளவே. எண்ணுவது எப்படி? இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. செங்குத்தாக வெட்டாமல் மிகவும் சாய்வாகத் தேய்க்க வேண்டும். வாழைத்தண்டை நேராக அரிந்தால் சிறு வட்டம், சாய்த்து அரிந்தால் நீண்ட முட்டை வடிவம் வருகிறதல்லவா? சுமார் 6 டிகிரி சாய்வில் தேய்த்தால் ஒவ்வொரு படலமும் ஏறக்குறைய பத்து மடங்கு அகலமாகத் தெரியும். நான் நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, தண்ணீரால் துடைத்து, பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியால் எண்ணினேன். (நீங்கள் செய்வதானால் பழைய எண்ணெய் வர்ணத்தைத் தேய்க்காதீர்கள்; அதில் ஈயம் இருக்கலாம். சுண்ணாம்புத் தூள் கண்ணிலும் படக்கூடாது.)

முதலில் வயது தெரிந்த முன்கட்டு மாடத்தை எண்ணினேன். எந்தக் கடிகாரத்தையும் நம்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டுமே! மொத்தம் 47 படலம். மேலேயிருந்து 25-ஆவது படலம் வரை கருங்கோடு மிக மெலிதாக இருந்தது; அதற்குக் கீழே திடீரென்று தடித்தது. வீட்டுக்கு மின்சாரம் வந்தது 1962-ல் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதன்பின் மாடத்தில் விளக்கு வெள்ளி, செவ்வாயில்தான். கடைசியாக வெள்ளையடித்தது 1988. பிறகு டிஸ்டெம்பர் வந்துவிட்டது. 1962 முதல் 1988 வரை 26 ஆண்டு, படலம் 25. மின்சாரத்துக்கு முன்பு, 1937 முதல் 1962 வரை 25 ஆண்டு, படலம் 22. கடிகாரம் ஓரளவு ஒழுங்காகத்தான் ஓடுகிறது, ஆனால் சற்றுத் தாமதம். ஏன் குறைந்தது? சாவு விழுந்த ஆண்டில் பொங்கலும் இல்லை, வெள்ளையும் இல்லை. 1962-க்குக் கீழே மூன்று இடங்களில் கருங்கோடு இரட்டைத் தடிப்பாக இருந்தது. அதில் ஒன்று 1947-ஐ ஒட்டி வருகிறது. பெரியப்பாவுக்கு ஐந்து வயதில் அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, காலமானது அந்த ஆண்டில்தான். கண்ணாடியை வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

பிறகு பின்கட்டு மாடம். 83 படலம். மேலே 25 மின்சாரத்துக்குப் பிந்தியவை, மீதி 58. ஆண்டுக்கு ஒன்று என்று வைத்தாலே 1962-லிருந்து 58 ஆண்டு பின்னே போகிறோம்: 1904. முன்கட்டில் கண்டதுபோல 25 ஆண்டுக்கு 22 படலம் என்று திருத்தினால் 66 ஆண்டு, அதாவது 1896. இதற்கும் அடியில் இருந்த சில படலங்கள் தொட்டவுடன் பொடியாகிவிட்டன. எத்தனை என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்காக ஒரே ஆண்டில் இரண்டு முறை அடித்ததும் இருக்கலாம். அது கணக்கை எதிர்ப்பக்கம் இழுக்கும். ஆகவே பின்கட்டு பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டினது என்று சொல்லலாம். பஞ்சத்தில் கட்டியதா என்று இந்தக் கடிகாரம் சொல்லாது.

'கார்பன்-14 முறையால் பார்க்கலாமே!' என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கிறது. அதில் கதிரியக்கக் கார்பனும் இருக்கிறது. எனவே பழங்காலக் காரையின் வயதை இம்முறையால் காண்கிறார்கள். ஆனால் கார்பன்-14-இன் அரை ஆயுள் 5730 ஆண்டு. 150 ஆண்டில் குறைவது 2 சதவீதம்கூட இல்லை. காற்றிலிருந்த கார்பன்-14-இன் அளவே அந்த நூற்றாண்டுகளில் ஏறி இறங்கியிருக்கிறது. நெல் மூட்டை நிறுக்கும் தராசில் குன்றிமணியை நிறுப்பது போலாகும்.

செங்கல்லைக் கேட்கலாம். மண்ணில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. சுற்றுப்புறத்திலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்கள் தாக்கத் தாக்க, துகளின் படிகக் குறைகளில் எலெக்ட்ரான்கள் சிக்கிக்கொண்டே வரும். சூளையில் சுடும்போது அத்தனையும் விடுபட்டு, கணக்கு சைபரிலிருந்து தொடங்கும். சோதனைச் சாலையில் மீண்டும் சூடாக்கினால், சிக்கிய எலெக்ட்ரான்கள் விடுபட்டு மங்கிய ஒளி வரும். ஒளி அதிகமானால் வயது அதிகம். இதை வெப்ப ஒளிர்வு முறை என்கிறோம். அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் இத்துறையில் நெடுங்காலமாக ஆய்வு நடந்து வருகிறது. பிழை 5 முதல் 10 சதவீதம். 150 ஆண்டுக்குப் பதினைந்து ஆண்டு முன்பின் ஆகலாம். 1877-ஐயும் 1937-ஐயும் பிரிக்க அது போதும். 1877-ஐயும் 1896-ஐயும் அடித்துப் பிரிக்கப் போதாது. ஒரு வீட்டுச் சுவருக்காக அவ்வளவு தூரம் போகவும் இல்லை.

இத்தனையும் பெரியப்பாவிடம் சொன்னேன். 83, 58, 66 என்று எழுதிய தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க பாட்டி பின்கட்டுலதான் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லும். 'இந்த வீடு'ன்னு அது சொன்னது பின்கட்டைத்தானோ என்னவோ. நான்தான் வாசல் நிலையில தாதுன்னு பார்த்துட்டு ரெண்டையும் ஒண்ணாக்கிட்டேன்" என்றார். ஒரே பெயருள்ள இரண்டு ஆண்டுகள் ஒரே கதையாகியிருக்கின்றன. தகப்பனை ஐந்து வயதில் இழந்தவருக்கு, முன்கட்டைக் கட்டியது யார் என்று எடுத்துச் சொல்ல ஆள் இருந்திருக்காது. "அப்போ முன்கட்டு எங்க அப்பா கட்டினதா?" என்று மெல்லக் கேட்டார். ஆம் என்றேன்.

பின்கட்டின் சிமென்டைப் பெயர்த்துச் சுண்ணாம்பே பூசினோம். மாடத்தைத் தொடவில்லை. பழைய நிலையைத் துடைத்து எண்ணெய் பூசி அதே வாசலில் நிறுத்தினோம். அடியில் அந்த 1936-ஆம் ஆண்டுக் காலணாவோடு, இந்த ஆண்டு அடித்த ஐந்து ரூபாய்க் காசு ஒன்றையும் பெரியப்பா கையால் போட்டார்.

அடுத்த தாது வருஷம் 2056-ல் பிறக்கும். அதற்கும் பிற்பாடு ஒருவர் இந்த நிலையைக் கழற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே 'தாது ௵ தை ௴'. அடியில் இரண்டு காசு. நிலை செதுக்கிய ஆண்டு எது, கடைசியாக நட்ட ஆண்டு எது என்று அவர் எப்படிப் பிரித்தறிவார்? 2057-இல் செதுக்கியதன்று என்று எதை வைத்துச் சொல்வார்? யோசித்துப் பாருங்கள்.