கடைசிப் பந்தி யாருக்கு?

மார்ச் 8 வந்தால் மகளிர் தினம். கோலப் போட்டி, மேடைப் பேச்சு, பட்டிமன்றம் எல்லாம் உண்டு. 1975-ஆம் ஆண்டிலிருந்து ஐக்கிய நாடுகள் சபையே கொண்டாடி வரும் நாள். நாமும் கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அன்று ராத்திரி உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தது யார்?

"நீங்கள்ளாம் சாப்பிடுங்க, மிச்சம் இருக்கிறதை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லாத தாய்மார் உண்டா? முட்டை பையனுக்கு, பொரியல் அவருக்கு, அடியில் தங்கிய சோறும் ரசமும் நமக்கு. இதைத் தியாகம் என்று பாராட்டியே பழக்கிவிட்டார்கள். பாராட்டினால் உடம்பில் ரத்தம் ஊறுமா?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 பேருக்குத்தான். தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் குறை இருக்கிறது. மாதவிலக்கு, பிரசவம் என்று ரத்தத்தை இழப்பவள் பெண். இரும்புச்சத்து அவளுக்குத்தான் கூடுதலாக வேண்டும். நம் வீட்டுப் பரிமாறலோ தலைகீழ்!

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? அசதி, தலைசுற்றல் உண்டா? "வேலை ஜாஸ்தி, அதான்" என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகைதான். டாக்டர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள். அதனால் மலம் கறுப்பாகப் போவது சகஜம், பயம் வேண்டாம்.

சமையலிலும் வழி உண்டு. கீரை, கேழ்வரகு, பயறு வகைகள் அடிக்கடி இருக்கட்டும். அசைவக்காரர்கள் மீன், கறி சேர்க்கலாம். கூடவே எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் இருந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். காபி, டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். மகனுக்கு ஒரு முட்டை என்றால் மகளுக்கும் ஒன்று, அம்மாவுக்கும் ஒன்று. பையனும் பரிமாறப் பழகட்டும். தங்கையின் தட்டில் என்ன விழுகிறது என்று பார்த்து வளருகிற பையன், நாளைக்கு மனைவி சாப்பிட்டாளா என்றும் கேட்பான்.

இன்று ராத்திரியே ஆரம்பியுங்களேன்!